காவல் நிலையக் காகிதம், கோர்ட் காகிதம் கிடைக்காமல் அலைகிறீர்களா? எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி மேசையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் புதிதாக வழக்குப் போட வருவதில்லை, ஏற்கெனவே நடந்த ஒன்றின் காகிதத்தைத் தேடி வருகிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு நகல், விபத்து வழக்கின் ஆவணங்கள் என்று ஆளுக்கு ஒன்று வேண்டும். காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து, "நாளைக்கு வாங்க" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

அவர்கள் பையைப் பிரித்துப் பார்த்தால் அடிக்கடி ஒரே கோளாறுதான் இருக்கும். கையில் இருக்கும் எண் வேறு, கேட்கிற அலுவலகம் வைத்திருக்கும் எண் வேறு. காவல் நிலையத்தில் ஓர் எண், நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் இன்னோர் எண், அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்துக்குப் போனால் மூன்றாவது எண். ஒவ்வொரு படியிலும் எண் மாறும்போது யாரும் அதைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்வதில்லை. வேண்டுமென்றே தர மறுப்பதும் நடக்கிறது, அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் இறங்குமுன் சரியான எண்ணோடு சரியான இடத்தில்தான் கேட்கிறோமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால்

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு, சட்டப் பிரிவு, சம்பவத் தேதி, புகார்தாரர் பெயர், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) பெயர். குற்ற எண் என்பது அந்த நிலையத்தில் அந்த ஆண்டுக்கான வரிசை எண். ஜனவரி பிறந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் வெறுமனே "112" என்றால் எதுவும் கிடைக்காது. நிலையத்தின் பெயரும் "112/2023" என்று ஆண்டும் சேர்ந்தால்தான் அது உங்கள் வழக்கு.

2024 ஜூலை 1 முதல் சட்டப் பிரிவுகளின் எண்களும் மாறிவிட்டன. ஏமாற்று வழக்கை இன்னும் எல்லோரும் 420 என்கிறோம், புதிய சட்டத்தில் அது 318. சம்பவம் அந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்று பார்த்துப் பிரிவைக் குறியுங்கள்.

அறிகுறி: "புகார் கொடுத்தேன், கையில் ஒரு காகிதமும் இல்லை"

முதலில், புகாரை எழுத்தில் கொடுத்தீர்களா, வாயால் சொன்னீர்களா? வாயால் சொன்னாலும் அதை எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது நிலையத்தின் பொறுப்பு. நடைமுறையில், எழுதாத புகாருக்குப் பின்னால் தடயமே இருக்காது. ஆகவே இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள், உங்கள் பிரதியில் தேதி போட்டு முத்திரை வாங்குங்கள்.

எழுத்தில் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை அது. எண்ணும் தேதியும் இருக்கும். தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையில் அந்த எண்ணைப் போட்டால் மனுவின் நிலை தெரியும்.

சி.எஸ்.ஆரை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். சி.எஸ்.ஆர். இருந்தால் மனு வந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். வழக்குப் பதிவானதாக ஆகாது. தாளின் தலைப்பில் "முதல் தகவல் அறிக்கை" என்றும், உள்ளே குற்ற எண், சட்டப் பிரிவு இரண்டும் இருந்தால்தான் அது எஃப்.ஐ.ஆர்.

சி.எஸ்.ஆரோடு நிற்கிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நேரடியாக வழக்குப் போட முடியாத குற்றம் என்று நிலையம் கருதியிருக்கலாம். அப்படியானால் அதைப் பதிந்துகொண்டு உங்களை நடுவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

முதற்கட்ட விசாரணையில் இருக்கலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. பதினைந்தாம் நாள் போய்க் கேளுங்கள்.

உண்மையிலேயே பதிய மறுத்திருக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்பது செல்லாத பதில். எல்லை எதுவானாலும் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதற்கான பிரிவு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 173(4). நேரில் போய் மனு கொடுப்பதைவிட இந்தத் தபால் ரசீது பின்னால் அதிகம் பயன்படும், ஏனென்றால் அடுத்த படியாக நடுவரிடம் போகும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

எஸ்.பி.க்கு அனுப்பியும் பலன் இல்லை என்றால் அந்தக் கட்டத்திலேயே வக்கீலைப் பாருங்கள். நடுவர் முன் போடும் மனுவோடு பிரமாணப் பத்திரமும் வேண்டும். அதைத் தாமாக எழுதி அனுபவம் இல்லாததால் தள்ளுபடியானவை பல.

வழக்குப் பதிவாகிவிட்டது, நகல் மட்டும் வரவில்லை என்றால் பேச்சு எளிது. புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அது சட்டம், சலுகை அல்ல. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதைத் தனியாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் காசு கேட்டால்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

அறிகுறி: "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு என்கிறார்கள், இணையத்தில் தேடினால் வரவில்லை"

காசே செலவாகாத சோதனையிலிருந்து தொடங்குவோம்.

மாவட்டம் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா? 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என ஐந்து மாவட்டங்கள் பிரிந்தன. அடுத்த ஆண்டு மயிலாடுதுறை. 2018 வழக்கைத் தென்காசியில் தேடிக் கிடைக்காவிட்டால் திருநெல்வேலியில் தேடுங்கள்.

நிலையம் சரியா? ஊரில் சட்டம் ஒழுங்கு நிலையம் ஒன்று, அனைத்து மகளிர் காவல் நிலையம் ஒன்று, மாவட்டத் தலைநகரில் குற்றப்பிரிவு ஒன்று என்று இருக்கும். குடும்ப வழக்கு மகளிர் நிலையத்திலும், பண மோசடி மாவட்டக் குற்றப்பிரிவிலும் பதிவாகியிருக்கலாம். நீங்கள் மனு கொடுத்த இடமும் வழக்குப் பதிவான இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆண்டு சரியா? டிசம்பர் கடைசியில் நடந்து ஜனவரியில் பதிந்தது புதிய ஆண்டின் எண்ணில் இருக்கும்.

பதிந்து எத்தனை மணி நேரம் ஆனது? 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உத்தரவிட்டது. இணைப்புச் சிரமம் உள்ள இடங்களுக்கு 48, அதிகபட்சம் 72 மணி நேரம் என்று தளர்வும் தந்தது. மலைக் கிராமத்து நிலையங்களுக்கு மூன்று நாள் பொறுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், அது ஏற்றக்கூடாத வகை வழக்காக இருக்கலாம். பாலியல் குற்றம், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்), தீவிரவாதம் போன்றவை இணையத்துக்கு வராது. வராமல் இருப்பதுதான் பாதிக்கப்பட்டவருக்கு நல்லது. புகார்தாரர் நிலையத்தில் நேரில் வாங்கிக்கொள்ளலாம். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் அவர் சார்பில் இணையத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே போவதே ஒரு குற்றம்.

எதிரியாகச் சேர்க்கப்பட்டவருக்கு வழி தனி. நிலையத்திலோ எஸ்.பி. அலுவலகத்திலோ விண்ணப்பித்தால் 24 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்றும், நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நான் நீதிமன்ற வழியைத்தான் சொல்வேன். எஃப்.ஐ.ஆர். எந்த நிலையத்தில் போட்டாலும் அந்த எல்லைக்குரிய நடுவருக்குப் போயாக வேண்டும். அங்கே விண்ணப்பித்தால் காவல் நிலைய வாசலில் நிற்கும் பயம் இல்லை. முன்ஜாமீன் தேவைப்படும் நிலை என்றால் இதையெல்லாம் நீங்களே செய்துகொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே வக்கீலிடம் போங்கள்.

அறிகுறி: "இ-கோர்ட்ஸில் தேடினால் வழக்கே இல்லை என்கிறது"

இ-கோர்ட்ஸ் என்பது நீதிமன்ற வழக்குகளின் நிலையைப் பார்க்கும் இணையதளம். என் மேசைக்கு அதிகம் வருவது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

*குற்ற எண்ணை வழக்கு எண் கட்டத்தில் போட்டுத் தேடினீர்களா?*

ஆம் என்றால் கோளாறு கிடைத்துவிட்டது. இ-கோர்ட்ஸில் எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேடும் பக்கம் தனியாக இருக்கிறது. அங்கே காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, எண்ணும் ஆண்டும் போடுங்கள். வழக்கு கோப்பில் ஏறியிருந்தால் நீதிமன்ற எண்ணும், அந்த வழக்குக்கே உரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். என்ற அடையாள எண்ணும் வரும். தமிழ்நாட்டு வழக்குகளுக்கு அது டி, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்தப் பதினாறையும் செல்பேசியில் படம் எடுத்துவைக்காமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் மாறும், தாள் பையில் இருக்கும்.

*பெயரில் தேடினீர்களா?*

குற்ற வழக்கில் வாதி அரசு, அதாவது அந்த நிலையத்தின் ஆய்வாளர். புகார் கொடுத்தவர் பெயர் தலைப்பில் இருக்காது. எதிரியின் பெயரில் தேடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். முருகேசனுக்கு ஒரு எஸ்ஸா இரண்டா, கருப்பையாவில் பி ஒன்றா இரண்டா, தட்டச்சு செய்தவர் என்ன போட்டார் என்று யாருக்குத் தெரியும்? முழுப் பெயரைப் போடாமல் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போடுங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள். கீழே "நிலுவை", "முடிந்தவை", "இரண்டும்" என்று மூன்று தேர்வு இருக்கும். "இரண்டும்" என்பதைத் தொடுங்கள். ஓராண்டு அலைந்த ஒருவரின் வழக்கு, அந்த ஒரு தொடுகையில் "முடிந்தவை" பக்கத்தில் கிடைத்தது. அவருக்கே தெரியாமல் முடிந்திருந்தது.

*எஃப்.ஐ.ஆர். எண்ணில் தேடியும் வரவில்லையா?*

குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கல் ஆகாமல் இருக்கலாம். விசாரணையின் நிலையை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. வரவில்லை என்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பி.என்.எஸ்.எஸ். 193(3), நிலைய ஆய்வாளருக்கு ஒரு வரியில் மனு எழுதி, நகலை டி.எஸ்.பி.க்கு அனுப்புங்கள்.

தாக்கல் ஆகியும் எண் ஏறாமல் இருக்கலாம். இது கிராமப்புற நீதிமன்றங்களில் சர்வ சாதாரணம். ஆவணம் குறைகிறது, பக்க எண் இல்லை என்று நீதிமன்றம் குறிப்பெழுதிக் குற்றப்பத்திரிகையை நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும். நிலையம் சரிசெய்து மறுபடி போடாமல் விட்டுவிடும். நிலையத்தில் கேட்டால் "சார்ஜ்ஷீட் போட்டாச்சு, கோர்ட்ல கேளுங்க" என்பார்கள். கோர்ட்டில் கேட்டால் "எங்ககிட்ட இல்லை" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதைத் தீர்க்க ஒரே ஒரு ஆள் போதும்: அந்த நிலையத்தின் கோர்ட் போலீஸ். தினமும் காலையில் அந்த நீதிமன்றத்தில் இருப்பார். குற்ற எண்ணைச் சொல்லி, என்றைக்குத் தாக்கல், என்றைக்குத் திரும்பியது என்று பணிவாகக் கேளுங்கள். அவர் குறிப்பில் இருக்கும். தேதி தெரிந்துவிட்டால் மறுதாக்கல் செய்யச் சொல்லி ஆய்வாளருக்கு மனு கொடுக்கலாம்.

*முன்பு எண் இருந்தது, இப்போது காணோமா?*

முன்னெழுத்தைப் பாருங்கள். பி.ஆர்.சி. என்று இருந்தால் அது அமர்வு நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய பெரிய வழக்கு. நடுவர் அதை மேலே ஒப்படைத்ததும் கீழே முடிந்ததாகக் காட்டும், மேலே எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்ற புது எண் பிறக்கும். கொலை வழக்கில் மகனை இழந்த ஒரு அம்மா, பி.ஆர்.சி. எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் வைத்துக்கொண்டு ஏழு முறை நடுவர் நீதிமன்றத்துக்கு வந்தார். "கேஸ் முடிஞ்சுபோச்சுங்கிறாங்க தம்பி, என்னை யாரும் கூப்பிடவே இல்லையே" என்று அழுதார். வழக்கு முடியவில்லை, மாவட்டத் தலைநகரில் சாட்சி விசாரணைக்குக் காத்திருந்தது. எண் மாறியதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாததால் ஒரு தாய் தன் மகன் வழக்கே போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். இந்த வழிமுறையை எழுத உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

நடுவர் நீதிமன்றமே விசாரிக்கும் வழக்குகளுக்கான சி.சி., எஸ்.டி.சி. என்ற முன்னெழுத்து இருந்து காணாமல் போனால், புதிதாக ஒரு நீதிமன்றம் திறந்து அந்தக் காவல் நிலையத்தின் வழக்குகள் அங்கே மாற்றப்பட்டிருக்கலாம். பழைய நீதிமன்றத்தில் மாற்றிய பட்டியல் இருக்கும். தலைமை எழுத்தரிடம் கேளுங்கள்.

*நீதிமன்றத்துக்கே போகாத வகை வழக்கா?*

கிணற்றில் விழுந்தது, பாம்பு கடித்தது, மின்சாரம் தாக்கியது போன்ற மரணங்களை ஊரில் இன்னும் "174 கேஸ்" என்கிறோம், இப்போது அது 194. அதற்குக் குற்ற எண் உண்டு, ஆனால் அறிக்கை போவது வருவாய்த் துறையின் நிர்வாக நடுவருக்கு. இ-கோர்ட்ஸில் எத்தனை முறை தேடினாலும் வராது. "நன்னடத்தைப் பத்திரம்" எழுதி வாங்கும் பழைய 107, 110 நடவடிக்கைகளும் அப்படித்தான். தாசில்தார், கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்துக் கிடைக்கவில்லை என்றால், காவல்துறையே வழக்கை முடித்துவிட்டிருக்கலாம். அதற்கு அடுத்த தலைப்பு.

அறிகுறி: "கேஸை குளோஸ் பண்ணிட்டோம் என்கிறார்கள்"

முடித்தால் புகார்தாரருக்கு ஓர் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். பொய்ப் புகார், தவறான தகவல், கண்டுபிடிக்க முடியவில்லை, இப்படி என்ன காரணத்தால் முடித்தார்கள் என்று அதில் இருக்கும். அது உங்களுக்கு வந்ததா? வீட்டில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கினார்களா? நூறு நாள் வேலைக்குப் போயிருந்தபோது பேரப்பிள்ளை வாங்கிப் பரணில் போட்ட கதைகள் உண்டு. முதலில் வீட்டில் தேடுங்கள்.

வரவே இல்லை என்றால் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். கூடவே நடுவர் நீதிமன்றத்தில் இறுதி அறிக்கையின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அறிவிப்பு கைக்கு வந்ததும் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள். முடித்ததை எதிர்த்து நடுவர் முன் ஆட்சேப மனு போட உங்களுக்கு உரிமை உண்டு. இது நீங்களாக எழுதிப் பார்க்க வேண்டிய மனு அல்ல.

அறிகுறி: "வழக்கு எண் இருக்கிறது, நகல் மட்டும் வரவில்லை"

முதல் கேள்வி: உங்களுக்குச் சான்றிட்ட நகல்தான் வேண்டுமா? என்ன தீர்ப்பு என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால் இ-கோர்ட்ஸில் ஏற்றியிருப்பதை இறக்கிப் படித்தால் போதும். மேல்முறையீடு, பத்திரப் பதிவு, பட்டா மாற்றம், பாஸ்போர்ட் என்று எங்காவது கொடுக்க வேண்டும் என்றால் சான்றிட்ட நகல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: இலவசமாகவே கிடைக்க வேண்டியதைக் காசு கட்டிக் கேட்கிறீர்களா? சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். குற்றப்பத்திரிகையும் அதோடு சேர்ந்த சாட்சி வாக்குமூலங்களும் எதிரிக்கு இலவசம், அவர் ஆஜரான 14 நாளுக்குள். பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்திருந்தால் அவருக்கும் இப்போது அந்த உரிமை உண்டு.

சரி, நகல் மனு போட்டாகிவிட்டது, வாரக்கணக்கில் வரவில்லை. இங்கே பெரும்பாலும் சிக்குவது ஓர் இடத்தில். மனுவை எடுத்துக்கொண்ட பின், நகலுக்கு எத்தனை பக்கம் ஆகும் என்று கணக்கிட்டு, இவ்வளவு முத்திரை (நகலுக்கான ஸ்டாம்ப்) கட்டுங்கள் என்று ஒரு பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். உங்கள் வீட்டுக்குக் கடிதம் வராது. போனும் வராது. குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளப்படும். நீங்கள் ஊரில் உட்கார்ந்து "இன்னும் தரவில்லை" என்று காத்திருப்பீர்கள், அங்கே உங்கள் மனு எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே நகல் மனு போட்ட மறுநாளிலிருந்து பலகையைப் பார்க்க ஆள் வேண்டும். தினம் வர முடியாதவர்கள் வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் நகல் மனு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

தள்ளப்பட்டிருந்தால் புதிதாக ஒரு மனு போடுவதுதான் விரைவான வழி. சண்டை போட்டுப் பயன் இல்லை.

முத்திரையும் கட்டியாகிவிட்டது, இன்னும் வரவில்லையா? கட்டு, அதாவது வழக்கின் மொத்தக் கோப்பு, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மேல்முறையீடு நடந்தால் மூலக் கட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். தென்மாவட்ட வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருந்தால் மதுரைக் கிளையில் இருக்கலாம். அந்தக் கிளை 2004-இல் தொடங்கியது, அதற்கு முந்தையவை சென்னை. கட்டு எங்கே இருக்கிறதோ அங்கே நகல் மனு போட வேண்டும். கீழே எத்தனை முறை போட்டாலும் "கட்டு இல்லை" என்றே திரும்பும்.

நீங்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை என்றால், ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். நிலம் வாங்கப் போகிறவர் பழைய பாகப்பிரிவினைத் தீர்ப்பைக் கேட்பது இந்த வகை. காரணத்தைத் தெளிவாக, சர்வே எண்ணோடு எழுதுங்கள். "தேவைப்படுகிறது" என்று மொட்டையாக எழுதினால் கிடைக்காது.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மனு செய்த நாள், முத்திரை கேட்ட நாள், முத்திரை கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று தேதிகள் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், ஜெராக்ஸில் விட்டுவிடாதீர்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றம் போக 30 நாள்தான். நகலுக்காக ஆன நாட்களை அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு ஆதாரம் இந்தத் தேதிகள்தான். நீங்கள் முத்திரை கட்டத் தாமதித்த நாட்கள் உங்கள் கணக்கில் சேரும். தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனு போடச் சொல்லி வக்கீலைக் கேளுங்கள். 30 நாள் தாண்டிவிட்டது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவரிடம் போங்கள், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு அவர் எழுத வேண்டியது.

அறிகுறி: "விபத்து வழக்கில் இன்சூரன்ஸுக்குக் காகிதம் கிடைக்கவில்லை"

தேவையானவை எஃப்.ஐ.ஆர்., இட வரைபடம், பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, கடைசியாகக் குற்றப்பத்திரிகை. இவற்றில் பலவற்றைக் காவல்துறையின் இணைய சேவையில் கட்டணம் செலுத்தி இறக்கிக்கொள்ளலாம், முதலில் அங்கே பாருங்கள்.

இல்லை என்றால் எது குறைகிறது என்று பிரியுங்கள். வாகன ஆய்வு அறிக்கை இல்லை என்றால் அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நிலையத்துக்கு வராமல் இருக்கும். காயச் சான்று இல்லை என்றால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். காயம்பட்டவர் பின்னால் இறந்திருந்தால் பிரிவை மாற்றிய அறிக்கை ஒன்று இருக்கும், அதையும் கேளுங்கள், அது இல்லாமல் மரண இழப்பீட்டுக் கணக்கு நிற்காது.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் காவல்துறையே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று தீர்ப்பாய அலுவலகத்தில் கேளுங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்தில் ஆறு மாதம்தான் குறித்திருக்கிறார்கள். எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். கையில் இருந்தாலே மூன்றாவது மாதத்தில் வக்கீலைப் பாருங்கள். மருத்துவமனை வாசலில் வந்து "நான் பார்த்துக்கறேன், கையெழுத்துப் போடுங்க" என்கிற இடைத்தரகரிடம் மட்டும் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

அறிகுறி: "தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள்"

நீதிமன்றக் கட்டில் உள்ள ஆவணத்தைக் கேட்டிருந்தால் மறுப்பு சரி. நகல் மனு விதி இருக்கும்போது அந்த வழியில்தான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. மேல்முறையீடு செய்து நாளை வீணாக்காமல் நகல் மனு போடுங்கள்.

காவல் நிலையத்திடம் கேட்டு மறுத்திருந்தால், எந்தப் பிரிவைச் சொல்லி மறுத்தார்கள் என்று பாருங்கள். 8(1)(h) என்றால் விசாரணைக்கு இடையூறு என்று பொருள். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது, எப்படி இடையூறு என்று சொல்ல வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் வழக்கில் கூறியிருக்கிறது. அதைச் சொல்லி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது.

கேள்வியை மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்பது என் அனுபவம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல, விளக்கம். "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுவின் சி.எஸ்.ஆர். எண், விசாரித்த அலுவலரின் பதவி, முடித்த தேதி, முடித்த உத்தரவின் நகல்" என்று பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எஸ்.பி. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: "ரொம்பப் பழைய வழக்கு, கோப்பு அழிந்துவிட்டது என்கிறார்கள்"

வாயால் சொன்னதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நகல் மனு போட்டு, "அழிக்கப்பட்டது" என்ற குறிப்போடு திருப்பி வாங்குங்கள். பல நேரங்களில் எழுத்தில் கேட்டதும் பதிவறைக்குள் ஆள் போகிறார், கட்டு கிடைக்கிறது.

உண்மையிலேயே அழித்திருந்தாலும் எல்லாக் காகிதமும் ஒன்றாகப் போவதில்லை. வெவ்வேறு ஆவணத்துக்கு வெவ்வேறு காலம் வைத்திருக்கிறார்கள். சாட்சியமும் சம்மனும் போயிருக்கும், பதிவேடு இருக்கும். அசல் வழக்குப் பதிவேட்டில் உங்கள் வழக்கின் எண், கட்சிக்காரர்கள், தாக்கல் தேதி, முடிவு ஆகியவை ஒரு வரிசையில் இருக்கும். அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பின் வீட்டில், அந்த நாளைய வக்கீலின் அலுவலகத்தில் என்று தேடுங்கள். இறந்துபோன வக்கீலின் ஜூனியர் வீட்டு அலமாரியில் நாற்பது வருடத்துத் தீர்ப்பு நகல் ஒன்று கிடைத்து, ஒரு குடும்பத்தின் பாகம் நிலைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் மேலே சொன்ன எதையும் விட்டுவிட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், வர முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள். வரும்போது முதலில் எழுதச் சொன்ன அந்தத் தாளையும், வீட்டில் இருக்கும் எல்லாத் துண்டுச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள்.